பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவும் ஆரம்பப் பாடசாலையும்: 1862ஆம் ஆண்டுத் திருத்திய சட்டக்கோவை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆரம்பப் பாடசாலையொன்றின் தகுதியை அங்கு பயிலும் பிள்ளைகள் பொதுப் பரீட்சையிற் பெறும் புள்ளிகளைக் கொண்டு மதிப்பிடலாம் என்னும் எண்ணம், இன்று பெற்றோர், ஆசிரியர், நிர்வாகிகள் ஆகிய மூன்று திறத்தாரிடமும் ஏறத்தாழ ஐயத்துக்கிடமற்ற உண்மையாக வேரூன்றியுள்ளது. எந்தவோர் எண்ணமும் வரலாற்றுக்கு அப்பாற்பட்டதன்று. இவ்வெண்ணத்தைப் பெற்றெடுத்த சமூகத் தேவைகளும் உண்டு. அதனை வளர்த்தெடுத்த நிர்வாக யந்திரமும் உண்டு. ஏழு வயதுப் பிள்ளையொன்று ஒரு வரியைப் பிழையின்றி வாசித்தால் இவ்வளவு பணம், வாசிக்கத் தவறினால் அவ்வளவு பணம் கழிவு என அரசாங்கமொன்று நாடளாவிய விலைப்பட்டியல் வகுத்தது 1862ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிகழ்ந்தது. எட்டு ஆண்டுகளின் பின் அதே ஏற்பாடு கப்பலேறி இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. கல்வி வரலாற்று நூல்களில் ‘பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு’ எனக் குறிப்பிடப்படும் அவ்வேற்பாட்டின் உள்ளியக்கத்தையும், அதனால் வகுப்பறையில் ஏற்பட்ட விளைவுகளையும் நாம் ஈண்டு நோக்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் உழைக்கும் மக்களது பிள்ளைகளுக்கான பாடசாலைகளைச் சமயச் சங்கங்களே பெரும்பாலும் நடத்தி வந்தன. 1833இற் பாராளுமன்றம் பாடசாலைக் கட்டடங்களுக்கென 20,000 பவுண் ஒதுக்கியது. 1839இற் கோமறைக் கழகத்தின் கல்விக் குழு அமைக்கப்பட்டது. கே-ஷட்டில்வேர்த் அதன் முதற் செயலாளரானார். 1846இல் அவர் வகுத்த விதிகளின்படி, பயிற்றப்பட்ட ஆசிரியர்க்கும், பதின்மூன்று வயதில் ஐந்தாண்டுத் தொழில் பழகச் சேர்ந்த மாணவ ஆசிரியர்க்கும் அரசாங்கம் நேரடியாகவே உதவிப்பணம் வழங்கத் தொடங்கியது. ஆசிரியத் தொழில் ஏழைச் சிறுவனொருவன் உயர்வதற்கான ஏணியாயிற்று. செலவும் உயர்ந்தது: 1861இல் இம்மானியம் எட்டு இலட்சம் பவுணைத் தாண்டியிருந்தது. கிரிமிய யுத்தத்தின் (1854 - 1856) கடன்சுமையால் நெருக்குண்டிருந்த திறைசேரிக்கு இது பெருந் தொகையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

1858இல் நியூகாசில் கோமகனின் தலைமையில் ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. மக்களின் எல்லா வகுப்பினர்க்கும் சீரானதும் மலிவானதுமான ஆரம்பக் கல்வியை எவ்வாறு வழங்கலாம் என ஆராய்வதே அதற்கிட்ட பணி. சீரும் மலிவும் ஒரே மூச்சிற் கேட்கப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. 1861இல் வெளிவந்த அதன் அறிக்கை, பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளுள் நாலிலொரு பங்கினரே திருப்திகரமாகக் கற்கின்றனர் என்றும், ஆசிரியர்கள் மேல்வகுப்பு மாணவரைக் கொண்டு வித்தியாதரிசிகளை மகிழ்வித்துவிட்டுச் சின்னஞ்சிறு பிள்ளைகளைக் கைவிடுகின்றனர் என்றும் கூறிற்று. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே பரீட்சிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

இப்பரிந்துரையைத் தமக்கேற்றவாறு எடுத்துக்கொண்டவர் றொபேட் லோ. கல்விக் குழுவின் உபதலைவராகவிருந்த இவர் ஒக்ஸ்போட்டிற் பயின்றவர். 1840களிற் சிட்னியில் வழக்கறிஞராகவும் சட்டசபை உறுப்பினராகவும் வாழ்ந்து மீண்டவர். தடையற்ற வணிகத்தில் அசையாத நம்பிக்கை கொண்டவர். தொழிலாளர்க்கு வாக்குரிமையை விரிவாக்கும் 1866ஆம் ஆண்டு மசோதாவைக் கடுமையாக எதிர்த்தவரும் இவரே. புதிய சட்டக்கோவையைப் பாராளுமன்றத்திற் சமர்ப்பித்தபோது இவர் தந்த உறுதிமொழி கணக்கனின் நாவிலிருந்து வந்தது போன்றது: இம்முறை மலிவாக அமையாவிடிற் பயனுடையதாக அமையும், பயன் தராவிடின் மலிவாகவேனும் அமையும். எப்பக்கம் விழினும் திறைசேரிக்கு நட்டமில்லை.

சட்டக்கோவை விதித்த ஆறு தரங்களையும் சற்று விரிவாகவே நோக்குதல் வேண்டும். ஏனெனில், ஒரு சமூகம் தன் ஏழைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு அறிவு போதுமென எண்ணியது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் கிடைத்தலரிது. முதலாந் தரத்துப் பிள்ளை ஓரசைச் சொற்களாலான சிறு கதையொன்றை வாசிக்க வேண்டும். பெரியனவும் சிறியனவுமான எழுத்துக்களைச் சொல்லக் கேட்டு எழுதவேண்டும். இருபது வரையுள்ள இலக்கங்களை அறிந்து, பத்து வரையுள்ளவற்றைக் கூட்டவும் கழிக்கவும் வேண்டும். இரண்டாந் தரத்திற்குப் பெருக்கல் வாய்பாடு, மூன்றாவதற்குக் குறுவகுத்தல், நான்காவதற்குப் பணக்கணக்கு, ஐந்தாவதற்குப் பாடநூலிலுள்ள சில கவிதை வரிகளும் நிறுத்தல் முகத்தல் அளவைகளும். ஆறாந் தரமே உச்சி. அங்கு மாணவன் செய்தித்தாளிலிருந்து சாதாரண பந்தியொன்றை வாசித்து, அவ்வாறான மற்றொன்றைச் சொல்வதெழுதலாக எழுதி, கடைச் சிட்டையொன்றுக்குக் கணக்கிட்டுக் காட்டவேண்டும். செய்தித்தாளும் கடைச் சிட்டையும்: இவற்றோடு உழைப்பாளியின் கல்வி முற்றுப்பெறும். வரலாறு, புவியியல், இயற்கையறிவு, சித்திரம், இசை ஆகியவற்றுக்குப் பட்டியலில் இடமில்லை, இடமில்லாததற்குக் காசுமில்லை. சிறுமியர்க்குத் தையல் மட்டும் கட்டாயமாயிருந்தது.

இனிப் பணத்தைப் பார்ப்போம். சராசரி வரவின்படி பிள்ளையொன்றுக்கு ஆண்டுக்கு 4 சிலிங். ஆண்டில் 200 வரவுக்கு மேற்பட்ட, ஆறு வயதைக் கடந்த பிள்ளைக்கு மேலும் 8 சிலிங்; ஆனால் வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் என்னும் மூன்றில் ஒவ்வொன்றிலும் தவறுந்தோறும் 2 சிலிங் 8 பென்சு கழிக்கப்படும். ஆறு வயதுக்குட்பட்டோர்க்கு வித்தியாதரிசியின் பொது அபிப்பிராயத்துக்கமைய 6 சிலிங் 6 பென்சு. காலையும் மாலையும் தனித்தனி வரவாக எண்ணப்பட்டன.

உதாரணமாக, சராசரி வரவு நூறாகவுள்ள பாடசாலையொன்றைக் கற்பனை செய்து கொள்வோம். வரவின் பொருட்டு அதற்குக் கிடைப்பது 20 பவுண். எண்பது பிள்ளைகள் பரீட்சைக்குத் தகுதி பெற்று மூன்று பாடங்களிலும் சித்தியெய்தின் 32 பவுண். அவ்வெண்பதின்மரும் கணக்கில் மட்டும் தவறினரெனக் கொள்வோம். 10 பவுண் 13 சிலிங் 4 பென்சு போய்விடும். 1846ஆம் ஆண்டு விதிகளின்படி மாணவ ஆசிரியர் ஒருவர் முதலாம் ஆண்டிற் பெற்ற உதவிப்பணம் 10 பவுண் என்பதை இதனோடு ஒப்பிட்டால், வித்தியாதரிசி தம் தாளில் இடும் சிறு கோடொன்றின் கனம் புலப்படும். புதிய கோவை ஆசிரியர்க்கும் மாணவ ஆசிரியர்க்கும் அரசாங்கம் நேரடியாக வழங்கிய உதவியை நிறுத்தி, முழு மானியத்தையும் முகாமையாளரிடமே ஒப்படைத்தது. ஆசிரியர் தம் ஊதியத்தை முகாமையாளரோடு பேசித் தீர்க்க வேண்டியவரானார். பல முகாமையாளர் ஊதியத்தின் ஒரு பகுதியை மானியத்தோடு பிணைத்தனர். பிள்ளையின் நா தடுமாறினால் ஆசிரியரின் அடுப்பும் தடுமாறும் நிலை இவ்வாறே உண்டாயிற்று.

இக்கோவை தந்த நன்மையொன்றையும் சொல்லியாக வேண்டும். தலைமையாசிரியர் ஒவ்வொருவரும் சம்பவத் திரட்டுப் புத்தகமொன்றைப் பேணவேண்டும் என அது கட்டளையிட்டது. வரலாற்று மாணவர்க்கு இது பெரும் பேறு. இப்புத்தகங்கள் பல இங்கிலாந்தின் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இன்றும் உள்ளன. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவன கற்பித்தல் பற்றிய சிந்தனைகளல்ல. வரவு பற்றிய கவலைகளே. உருளைக்கிழங்கு அகழும் காலம், வைக்கோல் உலர்த்தும் காலம், மழை, காலணியில்லை, சின்னமுத்து, தம்பியைப் பார்க்கச் சிறுமியை வீட்டில் நிறுத்திவிட்டனர். குடியானவன் வீட்டின் பொருளாதாரம் முழுவதும் இக்குறிப்புக்களினூடே தெரிகின்றது. 200 வரவு என்னும் எல்லைக்கோட்டை எட்டாத பிள்ளை பரீட்சைப் பணத்துக்கு உதவாது. எனவே அப்பிள்ளையின் வறுமை பாடசாலையின் வருவாயிலும் இழப்பாகப் பதிவாயிற்று. மிக வறிய பகுதியிலுள்ள பாடசாலையே மிகக் குறைந்த மானியத்தைப் பெற்றது. உதவி வேண்டியவனுக்கு உதவியைக் குறைக்கும் இம்முரண்பாட்டை விதிவிலக்காகக் கொள்ள முடியாது. கோவையின் கணக்கே அவ்வாறு அமைந்தது.

பரீட்சை நாளைப் பற்றிய நினைவுக் குறிப்புக்கள் ஏராளம். பெயர்ப் பட்டியல் முன்கூட்டியே வரையப்பட்டிருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று கட்டங்கள். நோயுற்ற பிள்ளைகளும் போர்வையிற் சுற்றிக் கொணரப்பட்டனர் என்பது அக்காலத்தவர் பலரும் கூறும் செய்தி. பாடநூலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே பிழையின்றி ‘வாசித்த’ பிள்ளைகளைப் பற்றியும் கதைகள் வழங்கின. இவற்றுள் மிகைப்படுத்தல் இல்லையென்று கூறமாட்டோம். ஆயினும் அவற்றின் அடிப்படையைப் புள்ளிவிபரமே உறுதிசெய்கின்றது. வாசிப்பிற் சித்தியெய்தியோர் தொகை எண்கணிதத்திற் சித்தியெய்தியோர் தொகையைவிட உயர்ந்தே இருந்தது. காரணம் வெளிப்படை. பரீட்சிக்கப்படும் வாசிப்பு நூல் பாடசாலையில் ஆண்டு முழுவதும் பயன்படுத்தப்பட்ட அதே நூல். பன்னிரண்டு மாதங்களில் மெல்லிய நூலொன்றை எந்தப் பிள்ளையும் காதாற் கேட்டே மனனஞ் செய்துவிடும். கணக்கை அவ்வாறு மனனஞ் செய்ய இயலாது, இலக்கங்கள் மாறிவிடும். ஆகவே வாசிப்புக் கட்டத்தில் விழுந்த குறி வாசிப்பை அளக்கவில்லை. பிள்ளையின் நினைவாற்றலையும் ஆசிரியரின் பொறுமையையும், சிலவேளை அவர் கையிலிருந்த பிரம்பையும் அளந்தது.

இவ்வுண்மையை முதலிற் கண்டு துணிந்து எழுதியவர்களுள் மத்தியூ ஆர்னல்ட் தலையாயவர். கவிஞராகவும் விமர்சகராகவும் நாம் அறிந்த இவர் 1851 முதல் 1886 வரை பாடசாலைகளின் வித்தியாதரிசியாகத் தொழில் பார்த்தவர். தாம் ஊழியம் செய்த திணைக்களத்தின் கொள்கையையே எதிர்த்து 1862 மார்ச் மாதம் சஞ்சிகையொன்றிற் கட்டுரை வெளியிட்டார். அரசாங்கம் ஆரம்பப் பாடசாலைக்கு வழங்குவது எழுத்தறிவுக்கான கூலியன்று. ஒரு வகுப்பு மக்களை நாகரிக வாழ்வுக்கு உரியவராக்கும் நிறுவனத்துக்கான ஆதரவு என்பது அவர் வாதம். கோவை நடைமுறைக்கு வந்தபின் அவர் எழுதிய ஆண்டறிக்கைகள் இன்னும் பெறுமதியானவை. கற்பித்தலில் உயிரோட்டமும் புதுமையாக்கமும் குன்றிவிட்டன என 1867ஆம் ஆண்டுக்கான அறிக்கையிற் கூறினார். வாசிக்கவும் எழுதவும் கணக்கிடவும் உண்மையில் அறியாத பிள்ளையைப் பரீட்சையிற் சித்தியெய்தச் செய்ய முடியும்; யந்திரத் தந்திரங்களாலான இவ்விளையாட்டில் இறுதியில் ஆசிரியரே வெல்வர் என்பது அவர் துணிபு.

இவ்விடத்திற் காலத்தால் மிகப் பிந்திய நிகழ்ச்சியொன்றைச் சுட்டுதல் பொருத்தமாகும். 2002இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் சட்டமான கல்விக் கொள்கையொன்று, பாடசாலைகளின் எதிர்காலத்தைப் பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளோடு பிணைத்தது. ஒன்பது ஆண்டுகளின் பின், 2011இல், ஜோர்ஜியா மாநில விசாரணையாளர் அட்லாண்டா நகரில் ஆராய்ந்த 56 பாடசாலைகளுள் 44இல், விடைத்தாள்கள் திருத்தப்பட்டமை உள்ளிட்ட மோசடி இடம்பெற்றதெனக் கண்டனர். ஆசிரியர், அதிபர் என 178 பேர் இனங்காட்டப்பட்டனர். 2015இற் பதினொருவர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். நகரத்தின் பெரும்பகுதி கறுப்பின வறிய பிள்ளைகள் பயின்ற பாடசாலைகள் அவை. சமூக விஞ்ஞானி டொனால்ட் கம்பெல் 1970களிலேயே, ஓர் எண்ணளவைக் கொண்டு சமூகத் தீர்மானங்கள் எந்தளவுக்கு எடுக்கப்படுகின்றனவோ அந்தளவுக்கு அவ்வளவுகோலும் அது அளக்கும் செயலும் சிதையும் என விதியொன்றை வகுத்திருந்தார். அதனை ஆர்னல்ட் வித்தியாதரிசியாகக் கிராமம் கிராமமாகச் சென்று கண்டிருந்தார்.

கோவையை ஆதரித்தோரின் நியாயத்தையும் நாம் புறக்கணித்தல் ஆகாது. கடைசி வாங்கிற் கவனிப்பாரற்றிருந்த பிள்ளைக்கும் 8 சிலிங் விலை உண்டென்றதும் ஆசிரியர் அப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். வரவு ஒழுங்குபட்டது. மேல்வகுப்பின் பகட்டைக் காட்டித் தப்பித்துக்கொள்ளும் வழி அடைபட்டது. இவை பொய்யல்ல. ஆனால் அதே கணக்கு இன்னொரு திசையிலும் வேலை செய்தது. பிள்ளையை எத்தரத்தில் நிறுத்துவது என்பதை முகாமையாளரே தீர்மானிக்கலாம். ஒருமுறை நின்ற தரத்தில் மறுமுறை நிறுத்தலாகாது. எனவே விவேகமுள்ள பிள்ளையை வேண்டுமென்றே தாழ்ந்த தரத்திலிருந்து தொடங்கி, ஆண்டுக்கொரு படியாக மெல்ல ஏற்றுவதே இலாபம். ஐந்தாந் தரத்தை எட்டக்கூடியவன் மூன்றாந் தரத்திலிருந்தே தொழிற்சாலைக்குப் போனான். ஆறாந் தரத்தைக் கண்டோர் மிகச் சிலரே. மந்தமான பிள்ளையைத் தூக்கிய கை துடியான பிள்ளையை அமிழ்த்திற்று.

இவ்வளவும் நிர்வாகத்தின் குறைபாடு மாத்திரமா என்னும் வினா எழுகின்றது. நாம் அவ்வாறு கருதவில்லை. நியூகாசில் ஆணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்ட அதே 1861இல் வேறோர் ஆணைக்குழுவும் நியமிக்கப்பட்டது. ஈற்றன், வின்செஸ்டர், ஹறோ முதலாய ஒன்பது பெரும் பாடசாலைகளை ஆராய்ந்த கிளறென்டன் பிரபுவின் ஆணைக்குழு அது. 1864இல் வெளிவந்த அதன் அறிக்கையும் குறைகளைக் கண்டது: பாடவிதானம் குறுகியது, பல மாணவர் ஆண்டுக்கணக்காக இலத்தீனும் கிரேக்கமும் பயின்றும் அவற்றில் தேர்ச்சி பெறவில்லை, சோம்பல் மலிந்துள்ளது. ஆனால் தவறிய ஒவ்வொரு மாணவனுக்கும் ஈற்றனின் அறக்கட்டளைப் பணத்தில் இவ்வளவு கழிக்க வேண்டுமென ஒருவரும் பிரேரிக்கவில்லை. செல்வந்தர் வீட்டுப் பிள்ளையின் அறியாமை பாடவிதானத்தின் குறையாகக் கருதப்பட்டது. தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் அறியாமை வாங்கிய பண்டத்தின் குறையாகக் கருதப்பட்டது. லோ இதனை மறைத்ததுமில்லை. தாழ்ந்த வகுப்பினர் தமக்கு விதிக்கப்பட்ட கடமைகளை நிறைவேற்றவும், உயர்ந்த பண்பாட்டைக் கண்டால் அதற்குப் பணியவும் போதுமான கல்வியைப் பெறவேண்டும் என்று 1867இல் வெளிப்படையாகவே உரைத்தார். ஆறாந் தரத்தின் செய்தித்தாளும் கடைச் சிட்டையும் இக்கொள்கையின் எண்கணித வடிவமே.

சிக்கனம் மட்டும் விரைந்து கைகூடிற்று. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த மானியம் 1865இல் ஆறு இலட்சத்து நாற்பதினாயிரத்துக்குங் கீழ் இறங்கியது. லோ 1864இலேயே பதவி துறந்தார். வித்தியாதரிசிகளின் அறிக்கைகளில் அரசாங்கத்துக்கு ஒவ்வாத பகுதிகள் வெட்டப்பட்டன என்ற குற்றச்சாட்டைப் பாராளுமன்றம் ஏற்றமையே காரணம். பின்னர் விசாரணைக் குழு அவரை விடுவித்தது என்பதும் உண்மை. அவர் போனபின்னும் முறை நிலைத்தது. 1870இற் கல்விச் சட்டம் பாடசாலைச் சபைகளை உண்டாக்கியது. 1880இற் பத்து வயதுவரை வரவு கட்டாயமாயிற்று. 1867 முதல் வேறு பாடங்களுக்கும் சிறு தொகை வழங்கப்பட்டது. அதன் விளைவு, மூன்று கட்டங்கள் ஐந்தாறாகப் பெருகியதே. ஆறுகளையும் முனைகளையும் ஒப்புவிக்கும் புவியியல் வகுப்பறையிற் புகுந்தது.

1884இல் மருத்துவர் ஜேம்ஸ் கிரைட்டன்-பிறவுண் இலண்டன் ஆரம்பப் பாடசாலைகளிற் பிள்ளைகள் மீதான மிகைச்சுமை பற்றி அறிக்கையொன்று சமர்ப்பித்தார். தலைவலி, உறக்கமின்மை ஆகியவற்றோடு, வெறுவயிற்றோடு வந்து பாடம் ஒப்புவிக்கும் பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதியதே பெரும் விவாதத்தைக் கிளப்பியது. வித்தியாதரிசி ஃபிச் அதனை மறுத்து எழுதினார். மிகைப்படுத்தல் எப்பக்கத்தில் அதிகம் என்பது ஆராய்ச்சிக்குரியது. ஆனால் பசியையும் பரீட்சையையும் ஒரே அறிக்கையில் வைத்துப் பேசியமை அக்காலத்திற்குப் புதிது. இதனிடையே ஆசிரியரும் அமைப்பு ரீதியாகத் திரண்டனர். 1870இற் தோன்றிய ஆரம்பப் பாடசாலை ஆசிரியரின் தேசியச் சங்கம், இருபது ஆண்டுகள் இம்முறைக்கெதிராக இடையறாது போராடியது. 1890ஆம் ஆண்டுக் கோவை மூன்று அடிப்படைப் பாடங்களுக்கான தனிப்பிள்ளைக் கொடுப்பனவைக் கைவிட்டது. எஞ்சியனவும் 1897 அளவில் மறைந்தன.

விதி மறைந்தது, பழக்கம் மறையவில்லை. 1905 முதல் 1910 வரை ஆரம்பப் பாடசாலைகளின் பிரதம வித்தியாதரிசியாகவிருந்த எட்மண்ட் ஹோம்ஸ் 1911இல் வெளியிட்ட நூலிற் கூறுவது இதுவே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியரை அடிமைப்படுத்திவிட்டு, திடீரெனச் சுதந்திரம் கொடுத்தால் அவர் என் செய்வார்? சுதந்திரத்தை எவ்வாறு பயன்படுத்துவது என அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. 1890இல் வகுப்பறையில் நின்ற ஆசிரியர் பெரும்பாலும் 1870களில் அதே முறையிற் பரீட்சிக்கப்பட்ட பிள்ளைகளே என்பதை நாம் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். அவர்களுக்குக் கற்பித்தல் என்றால் அதுதான்.

இனி, இதே முறை நம் நாட்டிற் புகுந்தவாற்றை நோக்குவோம். 1865இல் நியமிக்கப்பட்டு 1867இல் அறிக்கை சமர்ப்பித்த றிச்சட் மோகன் குழுவின் விதந்துரைகளுக்கேற்ப, தேசாதிபதி ஹெர்குலிஸ் றொபின்சன் காலத்தில், 1869இற் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. அதன் முதல் வித்தியாதிபதி ஜே. எஸ். லோறி இங்கிலாந்திற் பாடசாலை வித்தியாதரிசியாகவிருந்தவர். ஆங்கில வாசிப்பு நூற்றொடரொன்றைத் தொகுத்தவரும் ஆவார். தாம் அறிந்த முறையையே அவர் கொணர்ந்தார். 1870 முதல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றுக்கேற்பப் பணம் வழங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் பின், 1872இல், அயர்லாந்திலும் இது புகுத்தப்பட்டமை குடியேற்ற நாட்டு நிர்வாகத்தின் பொதுப் போக்கைக் காட்டுகின்றது.

ஆனால் இலங்கையில் இவ்வேற்பாடு வேறொரு பணியையும் ஆற்றியது. அரசாங்கம் பணம் கொடுத்தது இலௌகிக பாடங்களிற் பெற்ற சித்திக்கு மாத்திரமே. பாடசாலையில் வேறென்ன போதிக்கப்படுகின்றது என்பதில் அது தலையிடவில்லை. நடுநிலைமை போன்று தோன்றும் இவ்விதியால் மிகுந்த பயன் பெற்றோர், ஏற்கெனவே கட்டடங்களும் ஆசிரியரும் முகாமையாளரும் உடையவராயிருந்த மிஷன் சங்கத்தாரே. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன், அமெரிக்கன், சேர்ச் மிஷன் ஆகிய மூன்றும் 1814க்கும் 1818க்கும் இடையில் வந்திறங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டிருந்தது. சைவப் பெற்றோரின் பிள்ளை வாசிப்பிலும் கணக்கிலும் ஈட்டிய பணம், அப்பிள்ளையை வேறு சமயத்துக்கு ஈர்க்கும் நோக்குடன் நடத்தப்பட்ட பாடசாலையைத் தாங்கிற்று. பரீட்சையின் வெற்றி யாருக்கு வருவாயாகின்றது என்னும் வினா இங்கிலாந்திலும் இருந்தது. இங்கு அது இன்னும் கூர்மையாயிற்று. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை நெடுங்காலம் அரசாங்க உதவியின்றி ஊரவர் ஆதரவிலேயே நடந்தது என்பதையும் இதனோடு வைத்து நோக்கவேண்டும்.

நாவலரின் பாலபாடங்கள் இங்கு நினைவுக்கு வருகின்றன. 1850களின் தொடக்கத்திலேயே அச்சேறிய இந்நூல்கள் எழுத்து, சொல், சிறு வாக்கியம், உரைநடை எனப் படிப்படியாக அமைந்தவை. ஆகவே படிநிலைப்பட்ட வாசிப்பு என்பது 1870இல் இங்கிலாந்திலிருந்து நாம் இரவல் பெற்றதன்று. இரவல் வந்தது படிக்கு விலை குறிக்கும் வழக்கமே. திண்ணைப் பள்ளியிற் சட்டம்பியார் மணலில் எழுதுவித்தபோதும் மனனமும் பிரம்பும் இருந்தன. பழைய முறையைப் பொன்னுலகமாகக் காட்டுதல் வரலாறாகாது. ஆயினும் சட்டம்பியார் பிள்ளையின் தகப்பனுக்கே கடமைப்பட்டவர். புதிய வாத்தியார் முகாமையாளருக்கும், முகாமையாளர் வித்தியாதரிசிக்கும், வித்தியாதரிசி அட்டவணைக்கும் கடமைப்பட்டவராயினர்.

அட்டவணை காணாத பிள்ளைகளையும் மறத்தலாகாது. சாதிக் கொடுமையாற் பள்ளிக்கூட வாயிலையே அணுக முடியாதிருந்த பிள்ளை எந்தப் பரீட்சையிலும் தவறவில்லை. பெயர்ப் பட்டியலில் இருந்தாலன்றோ தவறுவதற்கு! யாழ்ப்பாணத்திற் சம ஆசனம் பெரும் போராட்டமாக வெடித்தது 1929 - 1930 ஆண்டுகளிலேயே. மலையகத் தோட்டங்களிற் பாடசாலை நடத்தும் கடமை துரைமார்மீது சட்டப்படி சுமத்தப்பட்டது இருபதாம் நூற்றாண்டிலேதான். கொழுந்துக் கூடையோடு மலையேறிய சிறுமியின் எழுத்தறிவின்மையும் எந்தச் சித்தி வீதத்தையும் குறைக்கவில்லை. பரீட்சைக்குத் தோற்றியோரை மட்டும் கொண்டு கணிக்கும் விகிதம், தோற்ற முடியாதோரின் தொகை கூடுந்தோறும் அழகாகத் தோன்றும்.

இலவசக் கல்விச் சீர்திருத்தங்களோடு 1940களில் எழுந்த புலமைப்பரிசிற் பரீட்சை இவ்வரலாற்றின் நேர்வாரிசன்று. அதன் பணம் பாடசாலைக்கன்றி வறிய பிள்ளைக்கே உரியது. கிராமத்துப் பிள்ளையை நல்ல பாடசாலைக்குக் கொண்டுசெல்லும் நோக்குடையது. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒன்றெனக் கூறுவோர் கன்னங்கராவுக்கு அநீதி இழைப்பர். ஆனால் ஐந்தாம் வகுப்பின் வெட்டுப்புள்ளியைக் கடந்தோர் தொகையைப் பதாகையிற் பொறித்துப் பாடசாலைகள் வாயிலில் தொங்கவிடும்போது, பிள்ளைக்குரிய பரிசு மீண்டும் பாடசாலையின் கணக்கேட்டில் ஏறிவிடுகின்றது. சிலிங்கின் இடத்தைப் புகழும் அடுத்த ஆண்டு அனுமதிக்கான நெரிசலும் பிடித்துக்கொள்கின்றன.

1870க்குப் பிந்திய நம் ஆரம்பப் பாடசாலைகளின் வரலாறு பெரும்பாலும் வித்தியாதிபதியின் ஆண்டறிக்கைகளையும் மிஷன் சங்கங்களின் கடிதங்களையும் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. இரண்டும் பணம் கொடுத்தவரதும் வாங்கியவரதும் குரல்கள். வகுப்பறையின் குரல் சம்பவத் திரட்டுப் புத்தகங்களிலும் வரவு இடாப்புக்களிலும் உள்ளது. யுத்தத்துக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பியவை சில பழைய பாடசாலைகளின் அலுமாரிகளில், கறையான் எட்டாத தட்டுக்களில் கிடக்கின்றன. விடுமுறையில் ஊர் செல்லும் சங்க மாணவர், தத்தம் பாடசாலை அதிபரின் அனுமதியோடு, பரீட்சை நாளுக்கு முந்திய ஒரு மாதத்துப் பக்கங்களையேனும் பிரதி செய்து கொணர்வாராயின், வித்தியாதரிசி வருமுன் எத்தனை நாள் வேறு பாடங்கள் நிறுத்தப்பட்டன, பனங்காய்க் காலத்திலும் அரிவுவெட்டுக் காலத்திலும் எத்தனை பிள்ளைகள் வரவில்லை என்பவற்றை ஊர் ஊராக ஒப்பிட்டு எழுத இடமுண்டு.